ஆறு ஆப் இருக்கு, அந்தப் படம் மட்டும் இல்லை

போன ஞாயிறு ராத்திரி. சாப்பிட்டுவிட்டு எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். அப்பாவுக்கு ஒரு பழைய படம் பார்க்க ஆசை. முதல் ஆப்பில் படம் இருக்கிறது, ஆனால் 99 ரூபாய் வாடகை தனியாகக் கட்ட வேண்டுமாம். அதுதான் வருஷச் சந்தா கட்டியிருக்கிறேனே என்று யாரிடம் போய்ச் சொல்ல? இரண்டாவதில் போன மாதம் வரை இருந்தது, இப்போது இல்லை. மூன்றாவதில் சந்தா வெள்ளிக்கிழமையே முடிந்திருக்கிறது. ரிமோட்டின் அம்புக்குறியை அமுக்கி அமுக்கி, படத்தின் பெயரை எழுத்து எழுத்தாக அடித்து நாலாவது ஆப்புக்கு வருவதற்குள் மணி பத்தேகால். அப்பா நாற்காலியிலேயே குறட்டை.

மறுநாள் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கூட்டிப் பார்த்தேன். எல்லாம் சேர்த்து மாதம் 860 ரூபாய். கேபிள் பணம் இதில் சேராது. அமேசான் பிரைம் 2016-ல் வந்தபோது வருஷத்துக்கே 499தான். 2021 டிசம்பரில் அது 1,499 ஆனது. 2025 ஜூனிலிருந்து பிரைம் வீடியோவில் விளம்பரமும் சேர்ந்துகொண்டது, வேண்டாமென்றால் மாதம் 129 தனி. விளம்பரத் தொல்லை தாங்காமல்தானே இந்தப் பக்கம் வந்தோம்! நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

திருச்சியிலிருந்து:
எங்கள் வீட்டில் அக்கா வீட்டுக்காரர் புண்ணியத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கணக்கு அவருடையது, அவர் இருப்பது பெங்களூரில். பாஸ்வேர்டைப் பகிரக் கூடாது என்று கெடுபிடி வந்த பிறகு, இங்கே டிவியில் திறந்தால் அவர் போனுக்கு ஒரு நம்பர் போகும். அம்மா சாயங்காலம் ஆனால் போனை எடுத்துவிடுவார்: “மாப்பிள்ளை, நம்பர் வந்துச்சுங்களா?” ஒருநாள் அவர் ஆபீஸ் மீட்டிங்கில் தெரியாமல் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். அந்த வாரமே நாங்கள் சொந்தமாக ஒன்று எடுத்துவிட்டோம், மானம் போன பிறகு வேறு என்ன செய்ய.

கோவையிலிருந்து:
என் கதை வேறு. ஒரு ரூபாய்க்கு ஏழு நாள் பார்க்கலாம் என்று ஒரு ஆப்பில் போட்டேன். இரண்டு படம் பார்த்தேன், ஆப்பை போனிலிருந்து தூக்கிவிட்டேன், வேலை முடிந்தது என்று நினைத்தேன். மூன்று மாதம் கழித்துதான் தெரிந்தது, ஒவ்வொரு மாதமும் 199 ரூபாய் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஆப்பை அழிப்பது வேறு, சந்தாவை நிறுத்துவது வேறு. இந்த மாதிரி தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. எனக்கும் வந்திருந்தது, ஆனால் “உங்களுக்கு லோன் ரெடி” மெசேஜ்களுக்கு நடுவில் யார் அதைப் படிக்கிறார்கள்? இப்போது மாசம் பிறந்தால் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியைத் திறந்து பார்க்கிறேன். முதல் தடவை பார்த்தபோது நான்கு உயிரோடு இருந்தன. அதில் ஒன்று எதற்கென்றே இன்றுவரை ஞாபகம் இல்லை.

சேலத்திலிருந்து:
விலை குறைவு என்று மொபைல் பிளான் வாங்கி, சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து, டிவியில் வராது என்று அப்புறம் தெரிந்துகொண்டவன் நான். ஆறு பேர் ஒரு போனில் படம் பார்த்தோம். கழுத்து வலிதான் மிச்சம்.

மதுரையிலிருந்து:
நாங்கள் ஒரு நேரத்தில் ஒன்றுதான் என்று முடிவு செய்து ஒரு வருஷம் ஆகிறது. வருஷச் சந்தா மலிவு என்று ஆசை காட்டுவார்கள், ஆனால் எட்டு மாதம் திறக்காமல் கிடக்கும் ஆப்புக்கு எது மலிவு? தமிழ்ப் படம் பெரும்பாலும் தியேட்டருக்கு வந்து நாலு வாரத்தில் வந்துவிடுகிறது. எந்தப் படம் எதில் வந்தது என்று தினசரி காலண்டரின் பின் அட்டையில் எழுதி வைக்கிறோம். ஒரே ஆப்பில் நாலைந்து சேர்ந்தால் அந்த மாதம் அதற்குக் கட்டுவோம், பார்த்து முடித்ததும் நிறுத்திவிடுவோம். ஐபிஎல் நடக்கும் இரண்டு மாதம் மட்டும் பையன் சொல்வதுதான் சட்டம். 2023-ல் ஜியோசினிமாவில் இலவசமாகப் பார்த்துப் பழகிவிட்டான், இப்போது காசு கட்டச் சொன்னால் என்னைத்தான் முறைக்கிறான். சிரமம் என்னவென்றால், ஊரே பேசும் தொடரை நாங்கள் மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம். அதற்குள் கதையை யாராவது சொல்லிவிடுவார்கள். குறிப்பாக என் தங்கச்சி.

மறுபடியும் நான்:
மதுரைக்காரர் வழியைப் பிடித்து, நேற்று நான்கை நிறுத்திவிட்டேன். இரண்டில் நிறுத்தும் பொத்தானைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. ராத்திரி அப்பாவிடம், “அந்தப் படம் எதில் இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டேன்பா, ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்” என்றேன். “அதுவா? புதன்கிழமை மத்தியானமே கேபிள்ல போட்டான்டா, பார்த்துட்டேன்” என்றார்.