நெடுஞ்சாலையோர விளைநிலத்தைத் தொழில் பயன்பாட்டுக்கு மாற்றச் சொல்கிறார்கள். தீர்மானத்துக்குக் கை தூக்கலாமா?

மல்லாட்டைக்காடு கேட்டது:

எங்கள் ஊர் உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில், சென்னை–திருச்சி நாலுவழிச் சாலையை ஒட்டி இருக்கிறது. சாலையோரமாக 40 ஏக்கர் போல ஒரே நீட்டாகக் கிடக்கிறது. பெரும்பகுதி மானாவாரிப் புஞ்சை. உளுந்தும் மல்லாட்டையும் (நிலக்கடலை) போடுவோம். தென்கோடியில் கொஞ்சம் ஏரிப்பாசன நஞ்சை. 2023இல் தைவானின் பௌ சென் நிறுவனம் உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் 2,302 கோடி ரூபாயில் காலணி ஆலை போட ஒப்பந்தம் செய்தது, 20,000 பேருக்கு வேலை என்றார்கள். அதிலிருந்து நிலம் கேட்டு கார் வராத வாரமே இல்லை.

இப்போது ஒரு தரப்பு, மொத்த நிலத்தையும் தொழில் பயன்பாட்டுக்கு மாற்றச் சொல்லி ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட்டால் போதும், கம்பெனி தானாக வரும் என்கிறது. நான் வார்டு உறுப்பினர். ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் ஒரகடத்திலும் திருப்பூரிலும் ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு இங்கேயே வேலை வரணும் என்று எனக்கும் ஆசைதான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புலப்படம்:

தம்பி, மனைப்பிரிவு, கட்டட அனுமதிக் கோப்புகள் தயார் செய்வதுதான் என் தொழில். கிராம சபைத் தீர்மானத்தால் நிலத்தின் வகை மாறாது. எந்த நிலம் எதற்கு என்று அரசு வகுத்து வைத்திருக்கும் முழுமைத் திட்டத்துக்குள் (மாஸ்டர் பிளான்) உங்கள் ஊர் வருகிறதா என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். வந்தால், 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32(4) பிரிவில் திட்டத்தையே திருத்தியாக வேண்டும். வராவிட்டால் அதே சட்டத்தின் 47-ஏ பிரிவிலும் 2017ஆம் ஆண்டு நிலப் பயன்பாட்டு மாற்ற விதிகளிலும் அனுமதி வாங்க வேண்டும். நஞ்சை என்றால் கலெக்டர் இசைவு வேண்டும், வேளாண்மை இணை இயக்குநரின் அறிக்கையும் கேட்பார்கள்.

என்ன தொழில், யார் போடுகிறார்கள், தண்ணீர் எவ்வளவு என்று எதுவும் தெரியாமல் வகையை மட்டும் மாற்றினால், ஏறுவது நிலத்தின் விலைதான். வாங்கினவர் கம்பிவேலி போட்டுவிட்டு அடுத்த விலைக்குக் காத்திருப்பார். நான் கோப்பு போட்ட ஓர் ஊரில் சாலையோரம் முழுக்க இன்றைக்குச் சீமைக்கருவேலம்தான் நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

நெடுஞ்சாலையோரம் என்பதாலேயே வேறு சிக்கலும் உண்டு. சாலையின் நடுக்கோட்டிலிருந்து 40 மீட்டர் வரை கட்டடம் கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றும் அளவு. சாலையின் நிலமே 60 மீட்டர் அகலம் என்றால், உங்கள் எல்லைக்கல்லிலிருந்து உள்ளே 10 மீட்டர் போய்விடும். அதைவிடப் பெரிய விஷயம் வழி. தேசிய நெடுஞ்சாலையில் நேராக கேட் வைக்கத் தனி அனுமதி வாங்க வேண்டும். லாரி வேகம் குறைத்து இறங்க ஒரு தடம், வேகமெடுத்து ஏற ஒரு தடம் என்று இடம் விட வேண்டும். சின்ன முகப்பு வைத்திருக்கிற விவசாயி தனியாக இதைச் செய்ய முடியாது. நாலைந்து பேர் சேர்ந்து ஒரே வழி போட்டால் முடியும்.

அப்புறம் ஏரிக்கு வரும் வரத்து வாய்க்கால். நாலுவழிச் சாலைக்கு அடியில் எங்கெங்கே சிறுபாலம் இருக்கிறது, அதில் வரும் தண்ணீர் யார் நிலத்தில் இறங்குகிறது என்று ஐப்பசி மழையில் போய் நின்று பாருங்கள். அந்தச் சிறுபாலத்தின் வாயை மண்ணடித்து மேடாக்கினால் உங்கள் நஞ்சைக்கு மட்டுமில்லை, ஏரிக்குக் கீழே இருக்கும் அத்தனை பேருக்கும் தண்ணீர் போச்சு.

சாலையோர அக்கா:

விக்கிரவாண்டிப் பக்கம் எங்கள் ஊர். பஸ் நிறுத்திச் சாப்பிடும் ஓட்டல் ஒன்று வந்தது. ஊருக்கே வேலை என்றுதான் சொன்னார்கள். எங்கள் பெண்களுக்குக் கிடைத்தது பாத்திரம் கழுவுவதும் கழிவறை கூட்டுவதும். மாஸ்டர், கேஷியர் எல்லாம் வெளியூர். கழுவின தண்ணீரைப் பின்பக்க வாய்க்காலில்தான் விட்டார்கள். அடுத்த கொல்லைக் கிணற்றில் வாளி விட்டால் நுரையோடு வந்தது. சர்வீஸ் ரோடும் கிடையாது. வேலை முடிந்து இருட்டில் நடுத்திட்டைத் தாண்டி ஓடி வருவார்கள். நீங்கள் எதற்குக் கை தூக்கினாலும் வேலை, கழிவுநீர், வழி இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிவிட்டுத் தூக்குங்கள் தம்பி.

மல்லாட்டைக்காடு:

நன்றி அண்ணே, அக்கா. நஞ்சையைத் தொடக் கூடாது என்று வீட்டிலும் பேசிக்கொண்டோம். வடகோடியில் சர்வீஸ் ரோடு முடிகிற இடத்தில் 11 ஏக்கர் புஞ்சை இருக்கிறது. ஏழு குடும்பத்துக்குச் சொந்தம். அதற்கு மட்டும் கேட்கலாமா?

புலப்படம்:

கேட்கலாம், அதுதான் சரியான இடம். சர்வீஸ் ரோடு இருந்தால் வழிச் சிக்கலும் குறையும். தீர்மானத்தில் சர்வே எண்களை எழுதி, குடோன், உளுந்து உடைக்கும் ஆலை, மல்லாட்டை செக்கு என்று எந்தத் தொழில் வேண்டும் என்பதையும் எழுதுங்கள். கழிவுநீர் வளாகத்துக்குள்ளேயே சுத்திகரிப்பு, வாய்க்காலின் இரு கரையிலும் இடம் விடுவது, ரெண்டும் இருக்கட்டும். ஏழு குடும்பமும் விற்காமல் சேர்ந்து நீண்ட காலக் குத்தகைக்கு விட முடியுமா என்று பேசிப் பாருங்கள். பதிவு செய்த பத்திரமாக இருக்கணும், வெள்ளைத்தாள் ஒப்பந்தம் வேண்டவே வேண்டாம். வேலைக்கான நிபந்தனையையும் அந்தப் பத்திரத்திலேயே சேர்த்தால்தான் பின்னால் கேட்க முடியும். புலப்பட நகலும் (நிலத்தின் அளவு வரைபடம்) ‘அ’ பதிவேடும் (ஊர் நிலப் பதிவேடு) கைக்கு வந்ததும் சொல்லுங்கள், வாய்க்கால் எந்த உட்பிரிவில் போகிறது என்று சேர்ந்தே பார்ப்போம்.