சந்தேகம்: நகரப் பேருந்தின் லோடு ஃபேக்டர் எனக்கு 150 சதவீதம் வருகிறது, பணிமனை 60 என்கிறது

ஆய்வுமாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முதுநிலைப் படிப்பின் இறுதித் திட்டப்பணிக்காகத் தமிழ்நாட்டில் ஒரு நகரப் பேருந்துத் தடத்தின் ஒரு மாதச் செயல்பாட்டை அறிக்கையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பயணச்சீட்டுக் கருவியின் பதிவுகளும் பணிமனை தந்த மாதாந்திரப் பட்டியலும் கையில் உள்ளன. இரண்டும் ஒரே தடத்தைப் பற்றியவைதான், ஆனால் எண்கள் ஒத்துப்போகவில்லை. படிக்க எளிதாக இருக்கட்டும் என்று அவற்றை முழு எண்களாக்கித் தருகிறேன்.

தடத்தின் நீளம் 18 கி.மீ., பேருந்தில் 40 இருக்கைகள், ஒரு நடைக்கு (தடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையிலான ஓட்டம்) சராசரியாக 60 பயணச்சீட்டுகள். 60-ஐ 40-ஆல் வகுத்தால் லோடு ஃபேக்டர், அதாவது பேருந்தின் இருக்கைகள் எவ்வளவு நிரம்பின என்ற அளவு, 150 சதவீதம் ஆகிறது. பணிமனை 60 சதவீதம் என்கிறது. ஒரு பேருந்தின் நாள் வருவாய் 8,640 ரூபாய், அது ஓடிய தூரம் 240 கி.மீ. என்பதால் ஒரு கிலோமீட்டர் வருவாய் 36 ரூபாய் என்று கணக்கிட்டேன். பணிமனை 40 ரூபாய் என்று காட்டுகிறது. பணிமனையில் உள்ள 100 பேருந்துகளில் 88 சாலைக்கு வருகின்றன. பேருந்துப் பயன்பாடு 88 சதவீதம் என்று நான் எழுதியதற்கு எதிராகப் பட்டியலில் 97.8 இருக்கிறது. எண்கள் அழகுபடுத்தப்பட்டிருக்கின்றனவா, அல்லது நான் சொற்களைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா?

ஓய்வுபெற்ற நேரக்காப்பாளர் எழுதியது:

வணக்கம் அம்மா. பணிமனை ஆட்கள் எண்ணை அழகுபடுத்த மாட்டார்கள் என்று நான் சத்தியம் செய்யப் போவதில்லை. ஆனால் இங்கே அப்படி எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. மூன்று இடத்திலும் நீங்கள் வகுக்கும் எண் வேறு, அவர்கள் வகுக்கும் எண் வேறு.

சிறியவற்றை முதலில் முடித்துவிடலாம். பேருந்து பணிமனையிலிருந்து முதல் நடை தொடங்கும் இடத்துக்குப் போவதும், கடைசி நடை முடிந்து திரும்புவதும், டீசல் போடப் போவதும் பயணிகள் இல்லாத ஓட்டம். இதை டெட் கிலோமீட்டர் என்போம். பயணிகளை ஏற்றி ஓடும் தூரம் எஃபெக்டிவ் கிலோமீட்டர், இரண்டும் சேர்ந்தது கிராஸ் கிலோமீட்டர். உங்கள் பேருந்து நாளொன்றுக்கு 12 நடை போகிறது என்றால் 12 முறை 18, அதாவது 216 கி.மீ.தான் எஃபெக்டிவ். 8,640-ஐ 216-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 40 வரும். மீதி 24 கி.மீ. வெற்று ஓட்டம், அதாவது மொத்த ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. பணிமனை தடத்தின் முனையிலிருந்து தள்ளி இருந்தால் இப்படித்தான் ஆகும். அதைத் தனியாக ஒரு பத்தியில் எழுதுங்கள், ஏனென்றால் டீசல் கணக்கு கிராஸ் கிலோமீட்டரில் ஓடுகிறது, வருவாய்க் கணக்கு எஃபெக்டிவ் கிலோமீட்டரில் ஓடுகிறது. இரண்டையும் ஒரே அட்டவணையில் வைத்து லாபநட்டம் பார்ப்பவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

பேருந்துப் பயன்பாட்டில் நீங்கள் எழுதியதே வழக்கமான கணக்கு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலப் போக்குவரத்துக் கழகங்களை ஒப்பிடும்போது, வைத்திருக்கும் பேருந்துகளில் சாலைக்கு வந்தவை எத்தனை சதவீதம் என்றுதான் பார்க்கிறது. உங்கள் பணிமனை, அட்டவணைப்படி தேவையான 90-ல் 88 வந்தது என்று காட்டியிருக்க வேண்டும். ஸ்பேர் பஸ் பத்தையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் 97.8 வரத்தான் செய்யும். அதற்கும் பயன் உண்டு, அன்றாடம் அட்டவணையை எவ்வளவு காப்பாற்றினோம் என்று அது சொல்லும். ஆனால் வேறு கழகத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் அதை வைக்கக் கூடாது.

அட்டவணைக்காரன் எழுதியது:

லோடு ஃபேக்டரை நான் எடுத்துக்கொள்கிறேன். பயணிகளை இருக்கைகளால் வகுக்கும்போது, ஏறிய ஒவ்வொருவரும் முதல் நிறுத்தத்திலிருந்து கடைசி நிறுத்தம் வரை உட்கார்ந்து வருகிறார் என்று கொள்கிறீர்கள். நகரப் பேருந்தில் அப்படி யாரும் வருவதில்லை. மூன்றாவது ஸ்டேஜில் (கட்டணம் மாறும் நிறுத்தத்தில்) ஒருவர் இறங்க, அதே இருக்கையில் இன்னொருவர் உட்கார்கிறார், மார்க்கெட் நிறுத்தத்தில் மூன்றாமவர் வருகிறார். ஆகவே மேலே இருக்க வேண்டியது பயணி-கிலோமீட்டர், கீழே இருக்க வேண்டியது இருக்கை-கிலோமீட்டர். ஒரு நடைக்கு இருக்கை-கிலோமீட்டர் 40 முறை 18, அதாவது 720. பயணி-கிலோமீட்டருக்கு, ஒவ்வொரு சீட்டிலும் பதிவாகியிருக்கும் ஏறும் ஸ்டேஜுக்கும் இறங்கும் ஸ்டேஜுக்கும் இடையிலான தூரத்தைக் கூட்டுங்கள். என்ன வருகிறது என்று எழுதுங்கள்.

ஆய்வுமாணவி எழுதியது:

மிக்க நன்றி ஐயா, நன்றி அண்ணா. ஐயா விளக்கிய இரண்டு எண்களும் சரியாகிவிட்டன. ஆனால் அண்ணா சொன்னபடி கூட்டியபோது பயணி-கிலோமீட்டர் 562 வருகிறது, அதாவது 78 சதவீதம். 150-லிருந்து இறங்கிவிட்டது என்றாலும் பணிமனையின் 60 இன்னும் வரவில்லை.

அட்டவணைக்காரன் எழுதியது:

60 சீட்டில் கட்டணமில்லாச் சீட்டு எத்தனை? அவற்றைப் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனியே சராசரிப் பயண நீளம் பாருங்கள்.

ஆய்வுமாணவி எழுதியது:

ஒரு நடைக்குக் கட்டணச் சீட்டு 28, அவற்றின் சராசரி 7.5 கி.மீ. மகளிர் கட்டணமில்லாச் சீட்டு 32, அவற்றின் சராசரி 11 கி.மீ. பெண்கள் மட்டும் இவ்வளவு தூரம் போவார்களா என்று எனக்கும் வியப்பாகத்தான் இருந்தது.

ஓய்வுபெற்ற நேரக்காப்பாளர் எழுதியது:

அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார்கள் அம்மா. காலை எட்டரை மணிக்குப் படிக்கட்டு வரை கூட்டம் நிற்கும்போது, காசு வாங்க வேண்டியில்லாத சீட்டுக்கு இறங்கும் ஸ்டேஜைக் கேட்டுக் கேட்டு அடிக்க நடத்துநருக்கு நேரம் ஏது? கடைசி ஸ்டேஜ் வரை போட்டு வரிசையாகக் கிழித்துக் கொடுத்துவிடுவார். கட்டணச் சீட்டில் அது நடக்காது, ஏனென்றால் ஒரு ஸ்டேஜ் கூடினாலும் பயணி சண்டைக்கு வந்துவிடுவார். இறங்கும் ஸ்டேஜ் வாரியாகக் கட்டணமில்லாச் சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தால் கடைசி நிறுத்தத்தில் மட்டும் ஒரு குவியல் தெரியும்.

ஆய்வுமாணவி எழுதியது:

பார்த்துவிட்டேன் ஐயா. காலை நெரிசல் நேரத்து நடைகளில் கட்டணமில்லாச் சீட்டுகளில் பாதிக்கு மேல் கடைசி நிறுத்தத்துக்கே அடிக்கப்பட்டிருக்கின்றன. மதிய நடைகளில் அப்படி இல்லை.

அட்டவணைக்காரன் எழுதியது:

அப்படியானால் ஒரு தற்காலிக வழி உண்டு. 60 பேருக்கும் 7.5 கி.மீ. என்றே வைத்தால் பயணி-கிலோமீட்டர் 450, லோடு ஃபேக்டர் 62.5 சதவீதம். பணிமனைப் பட்டியலின் அடிக்குறிப்பில் சராசரிப் பயண நீளம் என்று ஏதாவது எண் கொடுத்திருக்கிறார்களா? 7.2 என்று இருந்தால் 432-ஐ 720-ஆல் வகுத்து அவர்களுடைய 60-க்கு வந்துவிடலாம்.

இந்த 62.5-ஐயும் அப்படியே நம்பிவிட வேண்டாம். மாதாந்திரப் பயண அட்டையில் வருபவர்களுக்குச் சீட்டே கிழிப்பதில்லை, பள்ளி மாணவர்களும் அப்படித்தான். அட்டை ஒன்றுக்கு நாளொன்றுக்கு இத்தனை பயணம் என்று அனுமானித்துக் கழகங்கள் சேர்த்துக்கொள்வது வழக்கம். அந்த அனுமானம் உங்கள் தடத்துக்குப் பொருந்துமா என்பது பேருந்தில் ஏறி, நிறுத்தம் நிறுத்தமாக ஏறுவோரையும் இறங்குவோரையும் எண்ணினால்தான் தெரியும். கல்லூரி நண்பர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு இரண்டு வாசலிலும் நின்று எண்ணுங்கள். கட்டணமில்லாப் பயணத்தின் உண்மையான நீளமும் ஓரளவு அதில் பிடிபடும்.

மாநகர்வாசி எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் பயணி மட்டுமே. 60 சதவீதம்தான் நிரம்பியிருக்கிறது என்று பணிமனை சொல்லும் அதே பேருந்தில் நான் தினமும் ஒற்றைக்காலில் நிற்கிறேன். இந்த எண்ணால் யாருக்கு என்ன பயன்?

அட்டவணைக்காரன் எழுதியது:

நியாயமான கேள்வி. லோடு ஃபேக்டர் நாள் முழுவதற்கும், தடம் முழுவதற்கும், இரண்டு திசைக்கும் சேர்த்து எடுக்கும் சராசரி. காலையில் நகரத்துக்குள் வரும் நடை பிதுங்க, திரும்பிப் போகும் நடை காலியாக ஓடும். வண்டிக்குச் செலவழித்ததில் எவ்வளவு பயன்பட்டது என்று நிர்வாகத்துக்குச் சொல்வது அதன் வேலை, உங்கள் காலை மிதித்தவர்களை அது எண்ணுவதில்லை. அதற்கு வேறு அளவுகோல் இருக்கிறது. மத்திய நகர்ப்புற அமைச்சகம் 2009-ல் வெளியிட்ட நகரப் போக்குவரத்துச் சேவைத்தர அளவீடுகளில், முக்கியத் தடங்களில் பேருந்துக்குள் இருப்போரின் எண்ணிக்கையை இருக்கைகளால் வகுத்து வசதியின் அளவைத் தரம் பிரிக்கிறார்கள். 1.5 வரை முதல் தரம், 2.5-க்கு மேல் போனால் நான்காம் தரம். ஆய்வுமாணவி முதலில் போட்ட வகுத்தலைப் போலவே தோன்றும். ஆனால் அங்கே எண்ணப்படுபவர்கள் அந்த நேரத்தில் பேருந்துக்குள் இருப்பவர்கள், ஒரு நடையில் ஏறி இறங்கிய எல்லோரும் அல்லர். அறிக்கையில் இரண்டும் இடம்பெற வேண்டும், ஒன்றின் பெயரில் மற்றொன்று வரக் கூடாது.

ஆய்வுமாணவி எழுதியது:

பயணி எழுதியதைப் பார்த்ததும் இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. இந்தத் தடத்தில் அட்டவணையிட்ட நடைகள் 100 சதவீதம் இயக்கப்பட்டதாகப் பட்டியல் சொல்கிறது, நானும் சரிபார்த்தேன், உண்மைதான். ஆனால் பேருந்து வருவதே இல்லை என்றுதான் நிறுத்தத்தில் எல்லோரும் சொல்கிறார்கள்.

அட்டவணைக்காரன் எழுதியது:

மணிக்கு ஆறு பேருந்து என்று வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். அவையே இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு, 2 நிமிடம், 18 நிமிடம், 2, 18 என்று வந்தாலும் மணிக்கு ஆறுதான், நூறு சதவீதம்தான். ஆனால் நிறுத்தத்துக்கு வருபவர் 2 நிமிட இடைவெளியில் வந்து நிற்பதைவிட 18 நிமிட இடைவெளியில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு ஒன்பது மடங்கு. இடைவெளிகளின் வர்க்கங்களைக் கூட்டி, இடைவெளிகளின் கூட்டுத்தொகையைப் போல இரு மடங்கால் வகுத்தால் உண்மையான காத்திருப்பு கிடைக்கும். இங்கே 984-ஐ 120-ஆல் வகுத்தால் 8.2 நிமிடம். அதிகப்படியான 3.2 நிமிடத்தைக் கூடுதல் காத்திருப்பு என்று தனியாகக் காட்டலாம். லண்டனில் மணிக்கு ஐந்து பேருந்தும் அதற்கு மேலும் ஓடும் தடங்களில் தனியார் இயக்குநர்களை இந்தக் கூடுதல் நிமிடத்தை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். நான் மேலே சொன்ன 2009 அளவீடுகளில் காத்திருப்புக்கும் தரவரிசை உண்டு. 5 நிமிடம் என்றால் இரண்டாம் தரம், 8.2 என்றால் மூன்றாம் தரம். உங்கள் பேருந்துகளில் ஜிபிஎஸ் இருந்தால் ஒரு நிறுத்தத்தைத் தேர்ந்து ஒரு வாரத்துப் பதிவை எடுங்கள்.

ஓய்வுபெற்ற நேரக்காப்பாளர் எழுதியது:

ஒன்றை விட்டுவிட்டோம் அம்மா. அந்த 8,640 ரூபாயில், சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்கள் இலவசமாகப் பயணிக்க 2021 மே மாதம் முதல் அரசு கழகங்களுக்கு ஈடுசெய்யும் தொகையும் இருக்கிறதா?

ஆய்வுமாணவி எழுதியது:

இருக்கிறது ஐயா. நடத்துநர்கள் கட்டிய வசூல் மட்டும் 3,024 ரூபாய். மீதி ஈட்டுத்தொகை.

ஓய்வுபெற்ற நேரக்காப்பாளர் எழுதியது:

அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு வசூல் 14 ரூபாய், ஈட்டுத்தொகை 26 ரூபாய், மொத்தம் 40. மூன்றையும் எழுதுங்கள். 14 மட்டும் இருந்தால் தடத்தை மூடிவிடலாம் என்று யாராவது வாதாடுவார்கள், 40 மட்டும் இருந்தால் பணம் எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. 2021-க்கு முந்தைய மாதத்தோடு ஒப்பிடும் அட்டவணை ஏதாவது வைத்திருந்தால் அதில் இந்தப் பிரிவு கட்டாயம் வேண்டும்.

ஆய்வுமாணவி எழுதியது:

அப்படியே செய்கிறேன் ஐயா. அடிக்குறிப்பையும் பார்த்துவிட்டேன். அண்ணா சொன்ன அதே 7.2 கி.மீ.தான். "முந்தைய கணக்கெடுப்பின்படி" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள், ஆண்டு இல்லை. திங்கட்கிழமை பணிமனைக்குப் போய் எந்த ஆண்டு என்று கேட்டுவிட்டு, வாசலில் நின்று எண்ணும் வேலையைத் தொடங்குகிறோம்.