சின்ன மேடை, பக்கத்து நாற்காலி: ஃபோக், அமெரிக்கானா பாடகர்களை நேரில் கேட்ட அனுபவங்கள்

பாஸ்டனிலிருந்து:

இருபதாயிரம் பேர் உட்காரும் அரங்கங்களில் பெரிய திரையில் பார்த்த கச்சேரிகளைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். இங்கே வேறு ஒன்று கேட்கிறேன். நூறு பேர் வந்தாலே நிரம்பிவிடுகிற இடம், ஒரு கித்தாரோ பாஞ்சோவோ (தோல் போர்த்திய உடலும் நீண்ட கழுத்தும் உள்ள தந்தி வாத்தியம்) ஃபிடிலோ (நம் வயலின்தான்), எதிரே பாடுகிற ஆள். அப்படி யாரையாவது கேட்டிருக்கிறீர்களா? பேசியிருக்கிறீர்களா? எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

நான் போகிற இடம் கேம்பிரிட்ஜில், ஹார்வர்டு சதுக்கத்தை ஒட்டிய பாமர் தெருவில் உள்ள கிளப் பாசிம். படியிறங்கித் தரைக்குக் கீழே போக வேண்டும். இதன் கதை 1958-இல் மவுண்ட் ஆபர்ன் தெருவின் 47-ஆம் எண் கட்டடத்தில், கிளப் 47 என்ற ஜாஸ் காபிக்கடையாகத் தொடங்குகிறது. அதை ஆரம்பித்தவர்கள் இரண்டு இளம்பெண்கள். பின்னாளில் புகழ்பெற்ற பாடகி ஜோன் பேயஸ் பதின்ம வயதில் அங்கே பாடிய பிறகு ஊரே ஃபோக் என்கிற நாட்டுப்புறப் பாட்டின் பக்கம் திரும்பியது. 1963-இல் பாமர் தெருவுக்கு மாறி, 1968-இல் மூடி, அடுத்த ஆண்டே பாசிம் என்ற பெயரில் மறுபடி எழுந்தது. 1994 முதல் லாப நோக்கற்ற அமைப்பாக நடக்கிறது. இவ்வளவு வரலாறு இருந்தும் உள்ளே நுழைந்தால் யாரும் அதை உங்கள் முகத்தில் அறைய மாட்டார்கள். மேசை காட்டுவார்கள், சாப்பாடு கொண்டுவருவார்கள், விளக்கு மங்கியதும் அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

ஒரு குளிர்காலத்தில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். அம்மா வீணை கற்றவர். அன்று பாடியவர் அமெரிக்கத் தெற்கின் மலைப்பகுதிப் பாட்டுகளைப் பாஞ்சோவில் வாசித்துப் பாடுகிற ஓர் இளம்பெண். மேடைக்கும் எங்கள் மேசைக்கும் நடுவே ஓர் ஆள் நடந்து போகிற இடைவெளிதான். முதல் இரண்டு பாட்டுக்கு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கண் மட்டும் அந்தப் பெண்ணின் வலது கையை விட்டு நகரவில்லை. மூன்றாம் பாட்டுக்கு முன்னால் அவர் ஒரு தந்தியை முறுக்கிச் சுருதி மாற்றினார். அம்மா என் காதருகே குனிந்து, "கா போயி மா வந்துடுச்சு, கேட்டியா?" என்றார்.

வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன். பாஞ்சோவை வழக்கமாக ஓபன் ஜி முறையில், அதாவது விரல் வைக்காமல் மீட்டினாலே ஜி மேஜர் ஒலிக்கும்படி, சேர்ப்பார்கள். ஜி ஸ்வரத்தை ஷட்ஜமமாக வைத்துப் பார்த்தால் ஐந்து தந்திகளும் மந்திர ப, ச, அந்தர க, ப, மேல் ச என்று நிற்கும். ஜி என்பது ஐந்து கட்டை, அம்மா பாடுகிற சுருதியே அதுதான். சாமில் (sawmill) ட்யூனிங் என்று இன்னொரு சுருதி முறை இருக்கிறது. அதில் அந்தர காந்தாரத் தந்தியை அரை ஸ்வரம் ஏற்றிச் சுத்த மத்தியமம் ஆக்கிவிடுவார்கள், அவ்வளவுதான் மாற்றம். காந்தாரம் போனதும் பாட்டில் மேஜரா மைனரா என்று சொல்ல முடியாத ஒரு வெறுமை வந்துவிடுகிறது. மலைப்பாட்டுகளில் கேட்கிற அந்தத் தனிமைக் குரலுக்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கச்சேரி முடிந்ததும் அந்தப் பெண்ணே வாசலருகே ஒரு சின்ன மேசையில் தன் சிடிக்களை அடுக்கி விற்றுக்கொண்டிருந்தார். அம்மா நேராகப் போய், உடைந்த ஆங்கிலத்தில், அந்த ஓரத்துக் குட்டைத் தந்தி எதற்கு என்று கேட்டார். ஐந்தாவது தந்தி மற்றவை போல் வாத்தியத்தின் தலைப்பகுதி வரைக்கும் போகாது. கழுத்தின் பக்கவாட்டில், ஐந்தாவது மெட்டுக்கு (ஃப்ரெட்) அருகே உள்ள ஒரு பிருடையில் (முறுக்காணி) நின்றுவிடும். அந்தப் பெண் சொல்லி விளக்காமல் பாஞ்சோவை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மாவின் சுண்டுவிரல் தானாக அந்தத் தந்திக்குப் போனது. வீணையில் பக்கத்துத் தாளத் தந்திகளைச் சுண்டுவிரலால்தானே மீட்டுவோம்! அந்தப் பெண் சிரித்து, தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். கிளாஹேமர் பாணியில் ஆள்காட்டி விரல் அல்லது நடுவிரலின் நகம் மேலிருந்து கீழாகத் தந்தியை அடிக்கும், கட்டைவிரல் அந்தக் குட்டைத் தந்தியில் விழுந்து எழும். மெதுவாக வாசித்துக் காட்டினார். பாஞ்சோ இன்னும் மத்தியமத் தந்தி வைத்த அந்தச் சாமில் சுருதியில்தான் இருந்தது. அம்மா அதன்மேல் மத்யமாவதியில் நாலு வரி முனகினார். காந்தாரமே இல்லாத ராகம், ஒரு இடத்தில்கூட உரசவில்லை. சிடி வாங்க நின்றவர்கள் வரிசையை மறந்து கேட்டார்கள்.

பெரிய அரங்கத்தில் இது நடக்குமா? பாதுகாவலரைத் தாண்டி யார் நம்மை விடுவார்கள்?

பாஞ்சோ பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். இது வெள்ளைக்கார மலைவாசிகளின் வாத்தியம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் உருவாக்கிய வாத்தியம் அது. தோல் போர்த்திய சுரைக்குடுக்கைதான் அதன் பழைய உடல். பாடகி ரியானன் கிடன்ஸ் இருந்த கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழு இந்த வரலாற்றை மேடையிலேயே எடுத்துச் சொன்னது. ஜோ தாம்ப்சன் என்ற முதிய கறுப்பின ஃபிடில் கலைஞரின் வீட்டுக்குப் போய்ப் பாடம் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். நம் ஊரில் குருவீட்டுக்குப் போய்க் கற்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

பெர்க்லியிலிருந்து:

அம்மாவின் மத்யமாவதியைப் படித்துவிட்டு வேலை ஓடவில்லை. வணக்கம் சொல்லுங்கள் அவருக்கு.

எங்கள் கலிபோர்னியாப் பக்கம் ஃபிரெய்ட் அண்ட் சால்வேஜ் என்ற அரங்கம். 1968-இல் சான் பாப்லோ அவென்யூவில் 87 இருக்கைகளோடு தொடங்கியது. அதற்கு முன் அங்கே இருந்த பழைய மரச்சாமான் கடையின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். இப்போது 2009 முதல் ஊர் நடுவில் அடிசன் தெருவில், 440 பேர் உட்காரும் இடத்தில் இருக்கிறது. சின்ன இடம் என்று இதைச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். சொல்லலாம். கேட்கிறவர்களின் பழக்கம் மாறவில்லை. யாரும் பேசுவதில்லை, ஃபோன் வெளிச்சம் தெரிவதில்லை.

நீங்கள் சொன்னது பழைய பாணிப் பாஞ்சோ. நான் கேட்டது ப்ளூகிராஸ், தந்தி வாத்தியங்கள் சேர்ந்து வேகமாக வாசிக்கிற குழு இசை, அதில் வாசிப்பு நேர் எதிர். கட்டைவிரலில் பிளாஸ்டிக் நகம், இரண்டு விரல்களில் உலோக நகம் மாட்டி, மூன்று விரலால் மீட்டுவார்கள். பாஞ்சோ கலைஞர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் 1945 டிசம்பரில், ப்ளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்தபோது நாடு முழுக்கப் பரவிய முறை இது.

ஐந்து பேர் கொண்ட குழு. மேடையில் ஒரே ஒரு மைக். வாத்தியத்துக்கு வயர் கிடையாது, காலடியில் ஸ்பீக்கர் பெட்டி கிடையாது. சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது முழுக்கக் காலால்தான். பாடுகிறவர் மைக்கருகே வருவார். வரி முடிந்ததும் பக்கவாட்டில் நழுவுவார், அதே நொடியில் ஃபிடில்காரர் வில்லை உயர்த்திப் பிடித்தபடி உள்ளே வருவார். மேண்டலின்காரர் குனிந்து இருவருக்கும் நடுவே வாத்தியத்தை நீட்டுவார். சேர்ந்து பாடும் இடத்தில் மூன்று தலைகள் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி கூடும். ஒருவர்மேல் ஒருவர் இடிக்கவே இல்லை. முன்வரிசையில் இருந்ததால் செருப்பு உரசுகிற சத்தம்கூடக் கேட்டது.

இன்னொன்றும் பக்கத்திலிருந்து பார்த்ததால்தான் பிடிபட்டது. குழுவில் டிரம்ஸ் இல்லை, ஆனால் தாளம் பிசகாமல் அடிக்கிறது. எங்கிருந்து? பாஸ் வாத்தியம் ஒன்றாம் மூன்றாம் அடியைப் பிடிக்கிறது, மேண்டலின் இரண்டாம் நான்காம் அடியில் நறுக்கென்று ஒரு வெட்டு வெட்டுகிறது. இடது கை விரலை உடனே தளர்த்திவிடுவதால் ஸ்வரம் நீளாமல் வெறும் கொட்டாக நிற்கும். மேண்டலின் என்றால் நமக்கு யு. ஸ்ரீனிவாஸின் கமகம்தான் ஞாபகம் வரும். அவர் வாசித்தது ஐந்து தந்தி மின்வாத்தியம். இங்கே நாலு ஜோடியாக எட்டுத் தந்தி, அதை மிருதங்கக்காரர் வேலைக்கு வைத்திருக்கிறார்கள். இடைவேளையில் அந்த மேண்டலின்காரரிடம் ஸ்ரீனிவாஸ் பெயரைச் சொன்னேன். அவர் முந்திக்கொண்டு, தன்னிடம் இருக்கிற ஸ்ரீனிவாஸ் பதிவுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. பிற்பகுதி தொடங்க மணி அடிக்கும்வரை பேசினோம்.

நாஷ்வில்லிலிருந்து:

இங்கே ப்ளூபேர்ட் கஃபேயைச் சொல்லாமல் இருக்க முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். முடிதிருத்தும் கடை வரிசையில் இன்னொரு கடை மாதிரி ஒரு சின்ன வணிக வளாகத்தில் நிற்கிறது. ஏமி கர்லண்ட் 1982-இல் உணவகமாகத் தொடங்கியது. ஏறக்குறைய 90 இருக்கை. 2008 முதல் பாடலாசிரியர் சங்கத்தின் பொறுப்பில் இருக்கிறது. பேசினால் 'உஷ்' என்பார்கள், அதுதான் வீட்டு விதி. யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இங்கே உள்ள விசேஷம் பாட்டு எழுதியவர்கள்தான். 1985 முதல் ஒரு பழக்கம்: நாலு பாடலாசிரியர்கள் மேடையை விட்டுவிட்டு அறை நடுவில் ஒருவரையொருவர் பார்த்து வட்டமாக உட்காருவார்கள், நாம் அவர்களைச் சுற்றி. ஒருவர் பாட்டு பிறந்த கதையைச் சொல்லிப் பாடுவார், மற்ற மூவர் தோன்றினால் சேர்ந்துகொள்வார்கள், அப்புறம் அடுத்தவர் முறை. என் மேசை ஒருவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவர் கித்தார் தலை திரும்பும்போதெல்லாம் என் தண்ணீர்க் குவளையை நகர்த்திக்கொண்டே இருந்தேன்.

வானொலியில் வருஷக்கணக்காக ஓடிய ஒரு பாட்டை அவர் எடுத்தார். நான் அறிந்த வடிவத்தில் டிரம்ஸ், மின்கித்தார், அரங்கம் அதிரும் குரல். எழுதியவர் அதைப் பாதி வேகத்தில், பேச்சுக் குரலில் பாடினார். அது காதல் பாட்டு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் அப்பாவுக்கு எழுதியதாம். எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி அதைச் சேர்ந்து எழுதியவர், இரண்டாம் சரணத்தில் தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே வாகன நிறுத்துமிடத்தில் அவரோடு கொஞ்ச நேரம் பேச முடிந்தது. பணம் எப்படி வருகிறது என்று கேட்டேன். அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் வானொலி ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் தொகை போகும், பதிவில் பாடியவருக்குப் போகாது. அதனால்தான் யாருக்கும் முகம் தெரியாத பாடலாசிரியர் ஒரு வெற்றிப்பாட்டை வைத்துப் பல வருஷம் வீட்டு வாடகை கட்ட முடிந்தது. ஸ்ட்ரீமிங் வந்தபின் அந்தக் கணக்கு சுருங்கிவிட்டது என்றார். குறையாகச் சொல்லவில்லை, நிலைமை அதுதான் என்கிற தொனி.

அமெரிக்கானா என்றால் என்ன என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். கன்ட்ரி, ஃபோக், கறுப்பின மக்களின் ப்ளூஸ், தேவாலயப் பாட்டான காஸ்பெல், ப்ளூகிராஸ் எல்லாவற்றின் வேரிலிருந்தும் எடுத்து, வணிகக் கன்ட்ரி வானொலியில் இடம் கிடைக்காமல் தனியாக வளர்ந்த இசை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1999-இல் இந்த ஊரில்தான் அதற்கென்று ஒரு சங்கம் அமைந்தது. அமெரிக்கானா ஆல்பத்துக்குக் கிராமி விருது கொடுக்கத் தொடங்கியது 2010-இல்.

ஆல்பனி பக்கத்திலிருந்து:

சுருக்கமாக. நியூயார்க் மாநிலத்தின் சரடோகா ஸ்பிரிங்ஸில் கஃபே லெனா, ஃபிலா தெருவில் மாடியில். 1960-இல் லெனா ஸ்பென்சரும் கணவரும் தொடங்கியது, 1989-இல் இறக்கும்வரை லெனா நடத்தினார். பணம் இல்லாத காலங்களிலும் ஊர் ஊராகச் சுற்றும் பாடகர்களுக்குப் படுக்க இடமும் சாப்பாடும் கொடுத்தவர் அவர். பாப் டிலன் 1961-இல், யாரும் அறியாதபோது, இங்கே பாடியிருக்கிறார். நான் கேட்டது எழுபது தாண்டிய ஒரு கித்தார்காரர். கடைசிப் பாட்டுக்கு மைக்கை விட்டு இறங்கி மேசைகளுக்கு நடுவே வந்து நின்று பாடினார். பல்லவியை முதல் முறை அவர் பாடினார், இரண்டாம் முறை அறை பாடியது, மூன்றாம் முறை அவர் வாயே திறக்கவில்லை. யார் எந்தச் சுருதி என்றெல்லாம் பார்க்கவில்லை, எனக்கும் வரிகள் வந்துவிட்டன. சேர்ந்து பாட வெட்கப்படாதீர்கள், அவர்கள் உண்மையிலேயே எதிர்பார்க்கிறார்கள்.

மீண்டும் பாஸ்டனிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சிடி ஓட்டும் கருவியே வீட்டில் இல்லை, வாங்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வாங்குங்கள். இவர்களில் பலர் சொந்தக் காரை ஓட்டிக்கொண்டு, அடுத்த ஊரில் யார் வீட்டுச் சோபாவிலாவது தூங்கிப் போகிறவர்கள். மேசையில் நீங்கள் கொடுக்கும் பணம் அன்றைய பெட்ரோல். சிடி வேண்டாம் என்றால் சட்டையோ பாட்டுப் புத்தகமோ வைத்திருப்பார்கள். சில இடங்களில் நுழைவுக்கட்டணமே இருக்காது, நடுவில் ஒரு தொப்பியோ ஜாடியோ சுற்றி வரும். அதில் சில்லறை போடாமல் நோட்டாகப் போடுங்கள்.

குளிர்காலத்தில் ஏன் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே சுருதி சேர்க்கிறார்கள் என்ற கேள்வி: வெளியே உறைபனி, உள்ளே சூடாக்கியின் வறண்ட காற்று. கித்தாரின் மேற்பலகை மெல்லிய ஸ்ப்ரூஸ் மரம், ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதத்துக்குள் இருந்தால் சுகமாக இருக்கும். காய்ந்தால் சுருங்கும், விரிசலும் விடும். அதனால்தான் பெட்டிக்குள் ஈரம் கசியும் சின்னப் பொட்டலங்களை வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் சொல்கிற கதைகளைக் கவனியுங்கள், பாட்டுக்குச் சமமாக இருக்கும்.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா? ஒன்றரை மணி நேரம் அமைதியாக உட்கார முடிகிற வயது என்றால் தாராளமாக. சந்தேகமாக இருந்தால், யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பாடுகிற ஓபன் மைக் நாளில் போய்ப் பாருங்கள். ஆளுக்கு ஒன்றிரண்டு பாட்டுதான், போரடித்தால் நடுவில் எழுந்து வரலாம். பாசிமில் மே மாத நினைவு நாள் (மெமோரியல் டே), செப்டம்பர் தொழிலாளர் நாள் (லேபர் டே) நீண்ட வார இறுதிகளில் கேம்ப்ஃபயர் என்று ஒரு விழா நடக்கும். முன்பின் பழகாத மூன்று நாலு பேரை மேடையில் ஒன்றாக உட்கார வைத்து மாறி மாறிப் பாடச் சொல்வார்கள், நாள் முழுக்க ஓடும். பிள்ளைகளோடு போவதற்கு அதுதான் வசதி. முன்மேசை வேண்டுமென்றால் கதவு திறப்பதற்கு முன்பே போய் நில்லுங்கள்.