அரசு மருத்துவமனையில் கண்புரை அறுவைச் சிகிச்சைக்கான காத்திருப்பைக் குறைக்க என்ன வழி?

பள்ளத்தூர்ப் பேரன்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பத்தாவுக்கு இரண்டு கண்களிலும் புரை முற்றியிருக்கிறது. அரசு மருத்துவமனை ஒன்றில் பெயர் பதிந்தோம். முதலில் கொடுத்த நாளில், சர்க்கரை கூடுதலாக இருக்கிறதென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன்பின் வரிசை நீண்டு, நாள் தள்ளிக்கொண்டே போகிறது. அடுப்படியில் அவர் தடுமாறுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. மருத்துவர்களைக் கூட்டினால் மட்டும் இந்தக் காத்திருப்புத் தீருமா, வேறு வழிகளும் உண்டா என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

காரைக்குடி, ஓய்வுபெற்ற செவிலியர்:
தம்பி, மருத்துவர் எண்ணிக்கை முக்கியம்தான். ஆனால் நான் கண் பிரிவில் பணியாற்றியபோது கண்டவரை, சர்க்கரையோ இரத்த அழுத்தமோ கட்டுக்குள் இல்லாமலும், துணைக்கு ஆள் இல்லாமலும் நோயாளிகள் திரும்பிப் போவதால்தான் அறுவை நாளன்று மேசை காலியாகக் கிடக்கும். சர்க்கரை கட்டுப்படாத நிலையில் அறுவை செய்தால் கண்ணுக்குள் கிருமித்தொற்று வரும் ஆபத்துக் கூடும் என்பதால் திருப்பி அனுப்புவதில் தவறில்லை. அன்று காலையில்தான் அது தெரியவருகிறது என்பதுதான் தவறு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். கண் அறுவைக்குக் காத்திருப்போர் பட்டியலை அவர்களிடம் கொடுத்து, பத்து நாள் முன்பே பார்த்துச் சொல்லச் செய்தால், காலியாகும் இடத்துக்கு அடுத்தவரை அழைத்துவிடலாம். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியே வாழும் ஆச்சிமார் நம் ஊர்களில் எத்தனை பேர்! அவர்களுக்குத் துணையாளையும் வண்டியையும் ஊராரோ மருத்துவமனையோ ஏற்பாடு செய்தே ஆக வேண்டும்.

மருத்துவ மாணவி, மதுரை:
அம்மா சொல்வது முழுக்கச் சரி. அறுவைக்கூடத்தின் வேலைமுறையையும் மாற்ற வேண்டும் என்பேன். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த நோயாளியைச் செவிலியர்கள் பக்கத்து மேசையில் தயார் செய்துவிடுகிறார்கள். பெரிய இயந்திரமோ தையலோ தேவைப்படாத சிறுகீறல் முறையில், கைதேர்ந்த மருத்துவருக்கு ஓர் அறுவைக்குச் சில நிமிடங்களே ஆகும். ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் இடையில்தான் அவருடைய நேரம் வீணாகிறது. ஆகவே அரசு மருத்துவமனைக்கு இன்னொரு மேசையும், கிருமிநீக்கிய கருவித் தொகுப்புகள் கூடுதலாகவும், இந்த வேலைக்கென்றே பயிற்சி பெற்ற செவிலியர்களும் கிடைத்தால், இப்போதுள்ள மருத்துவர்களாலேயே இன்னும் பலருக்கு அறுவை செய்ய முடியும்.

தேவகோட்டை வாசகர்:
வரிசையைப் பதிவு செய்த தேதியை மட்டும் பார்த்து அமைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இரு கண்ணும் மங்கியவரின் முதல் கண், ஒரு கண்ணில் ஏற்கெனவே லென்ஸ் வைத்துக்கொண்டவரின் இரண்டாம் கண்ணுக்கு முன்னால் வர வேண்டும். தம்பி, புரை அளவுக்கு மீறி முற்றினால் கண்ணின் அழுத்தம் ஏறி, பார்வை நிரந்தரமாகப் போய்விடக்கூடும். அப்பத்தாவுக்குக் கண் சிவந்து கடுமையான வலியோ தலைவலியோ வாந்தியோ கண்டால், கொடுத்த தேதிக்காகக் காத்திராமல் அன்றே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.