நாவலின் திருட்டு பிடிஎஃப்: தடை உத்தரவு வாங்கியவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். மதுரையில் இருந்து எழுதுகிறேன். ஜனவரி புத்தகக் காட்சிக்குச் சொந்தச் செலவில் கொண்டுவந்த என் நாவல், மார்ச் மாதத்தில் இருந்து ஒரு செயலியின் சேனல்களில் பிடிஎஃபாகச் சுற்றுகிறது. அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்ததுதான். 37ஆம் பக்கத்தில் பிடித்திருந்தவரின் கட்டைவிரலே தெரிகிறது. அதற்கப்புறம் கடைகளில் இருந்து மறு ஆர்டர் வரவில்லை.

செயலியிலேயே புகார் கொடுத்தேன், பதில் இல்லை. அப்புறம் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவின்படி நோட்டீஸ் அனுப்பியதும் கோப்பை நீக்கினார்கள். ஆனால் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு காட்டாவிட்டால் அதைத் திரும்பத் திறந்துவிடலாம் என்று சட்டமே இடம் கொடுக்கிறது. அதற்கு முன்பே வேறு பெயரில் புதுச் சேனல் வந்துவிட்டது. காவல் நிலையத்தில் 'இது சிவில் விவகாரம்' என்று திருப்பி அனுப்பினார்கள். 63ஆம் பிரிவுக் குற்றத்தில் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2022 தீர்ப்பு. அதன் நகலைக் காட்டியும் பயனில்லை. சினிமாவுக்கு 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு புகார் வாங்கத் தனி அதிகாரிகளை நியமித்திருக்கிறார்கள். புத்தகத்துக்கும் அப்படி ஓர் ஏற்பாடு கட்டாயம் வேண்டும்.

62ஆம் பிரிவின்படி நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். சரி, பெயர் தெரியாத சேனல்காரர்கள் மீது மாவட்ட நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கியவர்கள் யாராவது இருந்தால், அதை எப்படி வாங்கினீர்கள்?