பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு ஜெர்மன் பள்ளிக்கூடம்

அலுவலகப் பயிற்சிக்காக டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரத்துக்குப் போயிருந்தேன். தெற்கு அலமோ தெருவில் ஒரு ஹோட்டல். பயிற்சி நடந்தது அதன் வளாகத்திலேயே இருந்த பழைய சுண்ணாம்புக்கல் கட்டடத்தில். கனமான சுவர்கள், உள்ளே நல்ல குளிர்ச்சி. டீ இடைவேளையில் சன்னலோரம் நின்றிருந்தேன். நாற்காலிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த பெரியவர், "இது ஜெர்மன்காரர்கள் கட்டிய பள்ளிக்கூடம், தெரியுமா?" என்றார். அப்புறம் பயிற்சியில் மனம் ஓடவில்லை.

இரவு அறைக்குப் போனதும் தேடிப் படித்தேன். 1858இல் தொடங்கிய ஜெர்மன்-ஆங்கிலப் பள்ளி அது. இந்தக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியது 1859 நவம்பர் 10ஆம் தேதி. ஜெர்மன் கவிஞர் ஷில்லர் பிறந்து சரியாக 100 வருடம் நிறைந்த நாள்! பள்ளிக்கூடம் கட்ட ஒரு கவிஞரின் பிறந்தநாளை நல்ல நாளாகப் பார்த்தவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை வந்துவிட்டது.

பள்ளியை ஆரம்பித்தவர்கள் ஜெர்மனியிலிருந்து குடியேறிய பகுத்தறிவாளர்கள். அதனால் மதபோதனை கூடவே கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்கள். பாடங்கள் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் சரிபாதி. வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி என்று பிள்ளை வளர்க்கும் எனக்கு, இந்தச் சரிபாதி எவ்வளவு கடினம் என்று தெரியும். கிட்டத்தட்ட 40 வருடம் அதை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். அரசுப் பள்ளிகள் பெருகின, இங்கே பணம் போதவில்லை. 1897இல் மூட வேண்டியதாயிற்று.

கட்டடத்துக்கு மட்டும் ஓய்வில்லை. நகரப் பள்ளி ஆனது, 1926 முதல் 1951 வரை சான் அன்டோனியோ கல்லூரி இருந்தது, பிறகு ஹோட்டலோடு சேர்ந்தது. 1992 அக்டோபர் 7 அன்று அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றின் தலைவர்களும் பார்த்திருக்க, நாஃப்டா வணிக ஒப்பந்தத்தில் அமைச்சர்கள் முதற்கையெழுத்துப் போட்டதும் இங்கேதான்.

மறுநாள் காலை, பக்கத்தில் ஜெர்மன் குடும்பங்கள் வாழ்ந்த கிங் வில்லியம் தெரு வரை நடந்தேன். பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசின் மன்னர் வில்ஹெல்மின் நினைவாக வைத்த பெயர் அது. முதல் உலகப் போர் சமயம், ஜெர்மன் என்றாலே வெறுப்பு. தெருப்பெயரை அமெரிக்கத் தளபதி பெர்ஷிங்கின் பெயருக்கு மாற்றினார்கள். பள்ளிகளில் ஆங்கிலத்தில்தான் பாடம் நடத்த வேண்டும் என்று 1918இல் டெக்சாஸில் சட்டமும் வந்தது. பிற்பாடு தெருவுக்குப் பழைய பெயரே திரும்பிவிட்டது; நான் போனபோது தெருமுனைப் பலகையில் கிங் வில்லியம் என்றே இருந்தது. நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.