சட்டன்: ஊரா, ஆள் பெயரா? வீடு தேடுபவர்கள் கவனத்துக்கு

இங்கிலாந்தில் சட்டன் என்ற ஊர் ஒன்றல்ல. பழைய ஆங்கிலத்தில் 'சூத்' என்றால் தெற்கு, 'டூன்' என்றால் வேலி போட்ட பண்ணை, குடியிருப்பு. பக்கத்து ஊருக்குத் தெற்கே இருந்ததையெல்லாம் அப்படியே அழைத்துவிட்டார்கள், சீர்காழியில் தென்பாதி இருப்பது போல. நார்ட்டன் வடக்கு, வெஸ்டன் மேற்கு. அதனால் வாடகை விளம்பரத்தில் வெறும் 'சட்டன்' என்றிருந்தால் போஸ்ட்கோடு (நம் பின்கோடு போன்ற அஞ்சல் குறியீடு) கேட்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். எஸ்எம்1, 2, 3 என்றால் தெற்கு லண்டன். பி72 முதல் பி76 வரை பர்மிங்ஹாம் பக்கத்து சட்டன் கோல்ட்ஃபீல்ட். என்ஜி17 என்றால் நாட்டிங்ஹாம்ஷயரின் சட்டன் இன் ஆஷ்ஃபீல்ட்.

ரயில் டிக்கெட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எஸ்யூடி என்ற ஸ்டேஷன் குறியீடு சட்டன் கோல்ட்ஃபீல்டுக்கு உரியது. லண்டன் சட்டனுக்கு எஸ்யூஓ. மூன்றெழுத்தை ஊகித்து அடிக்காமல், பட்டியலில் முழுப் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். லண்டனின் விக்டோரியா ஸ்டேஷனிலிருந்து லண்டன் சட்டனுக்கு நேரடி ரயில் உண்டு.

முகவரியில் 'சட்டன், சர்ரே' என்று கண்டால் வேறு ஊரோ என்று பதற வேண்டாம். 1965 வரை லண்டன் சட்டன் சர்ரே மாவட்டத்தில் இருந்தது, பிறகு லண்டன் பரோ, அதாவது லண்டன் மாநகரின் ஓர் உள்ளாட்சிப் பகுதி. பழைய பழக்கம் இன்னும் போகவில்லை. போஸ்ட்கோடு சரியாக இருந்தால் கடிதம் வந்து சேரும்.

இதோடு ஆள் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரை விட்டு வேறிடம் போனவரை, போன இடத்தில் அவருடைய ஊர்ப் பெயரால் அழைத்தார்கள். இடைக்காலத்தில் அதுவே குடும்பப் பெயராக நிலைத்தது. ஆகவே மேனேஜர் பெயர் சட்டன் என்றால் அவர் அந்த ஊர்க்காரர் என்று அர்த்தமில்லை. மின்னஞ்சலில் 'டியர் மிஸ்டர் சட்டன்' அல்லது 'மிஸ் சட்டன்' என்று குடும்பப் பெயரோடு எழுதுங்கள். நம் வழக்கப்படி மிஸ்டரை முதல் பெயரோடு ஒட்டினால் அவர்கள் காதுக்கு விநோதமாகப் படும். முதல் பெயர் போதும் என்று அவரே சொன்னால் மிஸ்டரை அடியோடு விட்டுவிடலாம். அலுவலகப் பட்டியலில் 'சட்டன்' முதலில் வந்து அடுத்து கமா இருந்தால், கமாவுக்கு முன்னால் உள்ளதுதான் குடும்பப் பெயர்.

உச்சரிப்பில் முதல் அசையை அழுத்துங்கள், 'டன்' பாதி விழுங்கிய மாதிரி வரட்டும். 'சூட்டன்' என்றால் டாக்ஸிக்காரருக்கு விளங்காது.